பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டால் நாமும் போடுவதா, பேசிப் பார்ப்பதா?

கொங்குப் பக்கத்தில் கோடை முற்றிய நேரத்தில் ஒரு தோட்டத்துக்குள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு போர் வண்டி நுழைந்துவிட்டால், சுற்றியிருக்கும் நாலைந்து தோட்டத்துக்காரர்களுக்கும் அன்று ராத்திரி தூக்கம் வராது. எத்தனை அடி போனது, எத்தனை இஞ்ச் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரிந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: நாமும் போட்டுவிடலாமா, இல்லை சும்மா இருந்து இருக்கிற தண்ணீரையும் விட்டுக்கொடுப்பதா?

இந்த முடிவைப் பெரும்பாலும் கோபத்திலோ பயத்திலோ எடுக்கிறோம். ஒருவரின் லாபம் அடுத்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தும் மாறுகிற இடங்களில் எப்படி யோசிப்பது என்பதற்கென்றே கேம் தியரி என்று ஒரு துறை இருக்கிறது. தமிழில் ஆட்டக் கோட்பாடு என்கிறோம். அதை வைத்து இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கலாம். என் கட்சி என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: போட்டி போடுகிறவர் கெட்டவர், விட்டுக்கொடுக்கிறவர் நல்லவர் என்ற பேச்சு இங்கே எதற்கும் உதவாது. கணக்கு எப்படி அமைந்திருக்கிறதோ அப்படித்தான் மனிதர்கள் நடப்பார்கள், அதனால் மாற்ற வேண்டியது கணக்கைத்தான்.

சரி, கணக்கு. இரண்டே பேர், அடியில் ஒரே நீர் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் புரிவதற்காக நான் போட்டவை. இரண்டு பேரும் இருக்கிற போரோடு நிறுத்திக்கொண்டால் ஒரு போகத்துக்கு ஆளுக்கு 1,00,000 ரூபாய் மிஞ்சும். ஒருவர் மட்டும் ஆழமாகப் போட்டால் செலவு போக அவருக்கு 1,40,000, மற்றவருக்கு 40,000. இரண்டு பேருமே போட்டால் போர் செலவு, மோட்டார், கடன் வட்டி எல்லாம் போக ஆளுக்கு 60,000. இப்போது உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் போடமாட்டார் என்றால் நீங்கள் போடுவது லாபம், ஒரு லட்சத்துக்குப் பதில் 1,40,000. அவர் போட்டுவிடுவார் என்றாலும் போடுவதுதான் லாபம், 40,000க்குப் பதில் 60,000. அவர் என்ன செய்தாலும் உங்களுக்குப் போடுவதே நல்லது. இதே கணக்கை அவரும் அவர் வீட்டில் போட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஆளுக்கு ஒரு லட்சம் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 60,000 வாங்கிக்கொண்டு நிற்பீர்கள். 1950ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் மெரில் ஃப்ளட், மெல்வின் டிரெஷர் இருவரும் அமைத்த ஆட்டம் இதுதான். ஆல்பர்ட் டக்கர் அதற்கு இரண்டு கைதிகளின் கதையைச் சேர்த்ததால் கைதிகளின் இக்கட்டு என்று பெயர் வந்தது. இதில் பேராசைக்காரர் என்று ஒருவரையும் காட்ட முடியாது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இந்த ஆட்டத்துக்குள்தான் நாம் இருக்கிறோமா என்பதையே முதலில் பார்த்துவிட வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமெல்லாம் பெரும்பாலும் கெட்டிப் பாறை. தண்ணீர் மேலே சிதைந்த பாறையிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும். ஐம்பதடி தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் ஒன்று பொங்கி வழிய, இன்னொன்றில் வெறும் புகை பறப்பது இதனால்தான். ஆகவே பக்கத்துப் போர் உங்கள் நீரைத்தான் எடுக்கிறதா என்பது யூகமாக இருக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க உங்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு, அவர் மோட்டாரை ஓடவிட்டு, உங்கள் போரில் நீர்மட்டம் இறங்குகிறதா என்று அளந்து பாருங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். அடையாளம் போட்ட ஒரு கயிறும் நுனியில் கட்ட ஒரு எடையும் போதும். மட்டம் அசையவே இல்லையென்றால் உங்கள் இருவருக்கும் நடுவில் ஆட்டமே இல்லை, அவர் வேலையை அவர் பார்க்கட்டும், உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். அசைந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

முதல் வழி, போட்டிக்குப் போட்டி போடுவது. இதன் ஒரே நியாயம் வேகம்: யாரையும் கேட்க வேண்டாம், இன்றைக்கே வண்டியைக் கூப்பிடலாம். பண்ணிப் பார்த்தவர்களுக்கு இதன் விலை தெரியும். பாறையில் ஆழம் போகப் போக வெடிப்பு குறையும், கிடைக்கும் வாய்ப்பும் குறையும். கிடைத்தாலும் அது புதுத் தண்ணீர் அல்ல, பெய்த மழை அதேதான், இறங்கும் நீர் அதேதான், எடுக்கிற வாய் மட்டும் கூடியிருக்கிறது. இலவச மின்சாரத்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்ட எனக்குச் செலவே இல்லை, அந்த ஒரு மணி நேரத்தின் முழுச் செலவும் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் விழுகிறது. இலவச மின்சாரத்தை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதில்லாமல் பிழைக்க முடியாத குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் அது இருக்கிற வரை விலையை வைத்து யாரும் தானாக நிறுத்தமாட்டார்கள் என்பதை மனதில் வைத்துத்தான் மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சொல்லாமல் கொள்ளாமல் நடக்கும் பதிலுக்குப் பதில். நீ அடக்கமாக ஓட்டினால் நானும் அப்படி, நீ ராத்திரி பகலாக ஓட்டினால் நானும் அப்படி. 1980ல் அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட் நடத்திய கணினிப் போட்டியில் கைதிகளின் இக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆடி 14 நிரல்கள் மோதின. ஜெயித்தது அனடோல் ரப்பபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல். முதல் சுற்றில் ஒத்துழை, அதன் பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய், அவ்வளவுதான். முடிவைப் பார்த்துவிட்டு 62 நிரல்கள் மறுபடி மோதியபோதும் அதுதான் ஜெயித்தது. மேலே போட்ட எண்களிலேயே காரணம் இருக்கிறது: ஏமாற்றிக்கொண்டே இருந்தால் முதல் போகத்தில் கூடுதலாக 40,000 கிடைக்கும், அடுத்த போகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் 40,000 போகும். அடுத்த போகத்திலும் இதே ஆளோடுதான் இருப்போம் என்பதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே இப்படித் தொடர்ந்து ஏமாற்றுவது கட்டாது.

பங்குக் கிணறுகள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஓடின. பாகம் பிரிக்கும்போதே கிணற்றில் நாலில் ஒரு பங்கு, மோட்டாரில் நாலில் ஒரு பங்கு, பாத்தியம் எந்தெந்த நாள் என்று பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் முறை மட்டும் தவறாது, ஏனென்றால் மோட்டார் ரூம் எல்லார் கண் முன்னாலும் இருக்கிறது, யார் முறையில் யார் ஓட்டினாலும் சத்தம் கேட்டுவிடும். அது எங்கே உடைந்தது என்று பாருங்கள்: ஒரு பங்காளி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டு நிலத்தை ஒரு வருஷக் குத்தகைக்கு விடும்போது. குத்தகைக்காரருக்கு அடுத்த போகம் நிச்சயமில்லை, அந்தப் பாதி வாய்ப்பு அவருக்கு இல்லை, அவர் அள்ளுகிற வரை அள்ளத்தான் பார்ப்பார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

போர் விஷயத்தில் பதிலுக்குப் பதில் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறது, அதனால்தான் நான் இதற்கு முழு ஓட்டுப் போடவில்லை. ஒன்று, ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் புதுசு, நேற்று ஏமாற்றியவர் இன்று திருந்தலாம். ஆனால் நகையை வைத்துக் கடன் வாங்கி ஆயிரம் அடி போட்டவர் எப்படித் திரும்புவார்? வட்டி கட்டவாவது அவர் ஓட்டியே ஆக வேண்டும். ஆகவே இந்த முறை மோட்டார் ஓடும் நேரத்துக்குப் பொருந்தும், போர் போடுவதற்குப் பொருந்தாது. இரண்டு, ஆள் கூடினால் பழிவாங்கும் அம்பு குறி தவறும். இரண்டு பேர் என்றால் நான் ஓட்டுவது உங்களைத்தான் தாக்கும். இருபது பேர் என்றால் ஒருவர் செய்ததற்கு நான் பதிலடி கொடுத்தால் ஒன்றுமே செய்யாத பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து மட்டம் இறங்கும், அவர்கள் நான்தான் ஆரம்பித்தேன் என்று நினைப்பார்கள். மூன்று, சந்தேகம். மட்டம் இறங்கியது மழை பொய்த்ததாலா, பக்கத்துக்காரர் ஓட்டியதாலா? தெரியாமல் பதிலடி கொடுத்தால் அது ஓயாத சண்டையாகிவிடும். ஆட்டக் கோட்பாட்டு ஆய்வாளர்கள் மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1992ல் காட்டியது இதைத்தான்: தவறு நடக்கக்கூடிய உலகத்தில் அப்பட்டமான பதிலடியைவிட, அவ்வப்போது மன்னிக்கிற பதிலடி நன்றாக ஓடும். வழக்கமான எண்களுக்கு மூன்றில் ஒரு தடவை மன்னிப்பது சரியாக வருகிறது. ஊரில் பெரியவர்கள் ஒரு தடவை கண்டும் காணாமலும் விடுவதை நாம் பலவீனம் என்று எண்ணுகிறோம், கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

மூன்றாவது வழி, யாரையும் கட்டுப்படுத்தாமல் அளந்து மட்டும் சொல்வது. ஆந்திராவின் வறண்ட மாவட்டங்களில் விவசாயிகளே மழையை அளந்து, கிணற்று மட்டத்தை அளந்து, எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் என்று பட்ஜெட் போட்டு, அதை ஊருக்கே காட்டினார்கள். கட்டாயம் எதுவும் கிடையாது, இந்த வருஷம் இவ்வளவு நீர்தான் என்று பார்த்துவிட்டு அவரவர் பயிரை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். இதில் எனக்கு மரியாதை உண்டு, ஏனென்றால் மேலே சொன்ன சந்தேகத்தை இது அடியோடு தீர்க்கிறது. நீர் இல்லை என்று தெரிந்தே நெல் நட்டுக் கருகவிடும் முட்டாள்தனமான நஷ்டமும் குறைகிறது. ஆனால் ஆட்டத்தின் எண்கள் அப்படியே இருக்கின்றன. எல்லாரும் கம்பும் கடலையும் போடுகிறார்கள் என்று தெரிந்தால் ஒருவருக்கு மஞ்சள் போடும் ஆசை கூடத்தான் செய்யும்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது நாலாவது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்காக 2003ல் ஒரு சட்டம் இயற்றினார்கள், அது நடைமுறைக்கே வராமல் 2013ல் ரத்தானது. தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை எடுக்க நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்ற 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின் நிழலில்தான் இன்றும் இருக்கிறோம். இதற்காகக் காத்திருக்க வேண்டாம், மேலே போவோம்.

ஐந்தாவதுதான் என் தேர்வு: எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அதைக் கண்காணிக்க ஒரு ஆள், மீறினால் சின்ன அபராதம். இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். அந்த ஊர்ப் பக்கம் ரேமண்ட் படுகை என்று ஒரு நிலத்தடி நீர்ப் பரப்பு. அங்கே இருந்த சட்டப்படி முதலில் குறைத்துக்கொள்கிறவருக்கே உரிமை போய்விடும் அபாயம், அதனால் ஒவ்வொரு நகரமும் கம்பெனியும் போட்டி போட்டு இறைத்தன. 1937ல் பாசடீனா நகரம், அல்ஹாம்ப்ரா நகரத்தின் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டது. வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே ஒரே ஒரு கம்பெனியைத் தவிர மற்ற எல்லாரும் உட்கார்ந்து பேசி, யார் பெரியவர், யாருக்கு முதல் உரிமை என்ற சண்டையை விட்டுவிட்டு, எல்லாரும் ஒரே விகிதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வது என்று முடித்தார்கள். 1944ல் நீதிமன்றம் அதையே தீர்ப்பாக்கியது, ஒதுங்கி நின்ற கம்பெனி மேல்முறையீடு போயும் 1949ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அதைப் பார்த்துத்தான் கடலோரத்து மேற்குப் படுகைக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். அங்கே இறைத்த இறைப்பில் கடல் நீரே கிணறுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பேர் என்பதால் ரேமண்ட் மாதிரி லேசில் முடியவில்லை, 1946ல் சங்கம் கட்டி, 1955ல்தான் இடைக்கால ஒப்பந்தம் வந்தது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு ஷரத்து: மொத்த நீர் உரிமையில் 80 சதவீதம் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தமே அமலுக்கு வரும், அதுவரை போட்டவரையும் அது கட்டுப்படுத்தாது. கைதிகளின் இக்கட்டில் எல்லாருக்கும் இருக்கிற பயமே நான் மட்டும் அடங்கி, மற்றவன் அள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ற பயம்தானே? அந்த 40,000 ரூபாய்க் கட்டத்தையே இந்த ஒரு வரி அடித்துவிடுகிறது. கையெழுத்துப் போடுவதில் நஷ்டம் இல்லை, போதுமான பேர் சேர்ந்தால் லாபம். அதன் பிறகு ஒவ்வொருவரும் எவ்வளவு இறைத்தார்கள் என்பதை நீர்க் கண்காணிப்பாளர் வருஷா வருஷம் அறிக்கையாக எல்லாருக்கும் கொடுத்தார்.

இந்தச் சங்கதியை ஊடுருவிப் படித்து 1965ல் டாக்டர் பட்டம் வாங்கியவர்தான் எலினோர் ஆஸ்ட்ரம், 2009ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண். பொதுச் சொத்து என்றால் எல்லாரும் சேர்ந்து அழித்துத்தான் தீர்வார்கள் என்று 1968ல் காரட் ஹார்டின் எழுதியதைப் பலரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பேசவும் பார்க்கவும் தண்டிக்கவும் வழி இருந்தால் மக்கள் அழிக்கமாட்டார்கள் என்று ஊர் ஊராக ஆதாரம் சேர்த்துக் காட்டியவர். நம் நாட்டில் மகாராஷ்டிராவின் ஹிவரே பஜாரைப் பார்க்கலாம். பாசனத்துக்கு போர் போடக்கூடாது, கரும்பும் வாழையும் கூடாது, வருஷா வருஷம் நீர்க் கணக்கு என்று ஊரே தீர்மானம் போட்டு நடத்திக்காட்டியது, முன்னின்றவர் ஊராட்சித் தலைவர் போபட்ராவ் பவார்.

அபராதம் எதற்கு, நம்பிக்கை போதாதா என்று சிலர் கேட்பார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கேக்டரும் செய்த சோதனையில் நாலு பேருக்கு ஆளுக்கு 20 நாணயம். பொது உண்டியலில் போடுகிற ஒவ்வொரு நாணயத்துக்கும் நாலு பேருக்கும் தலா 0.4 திரும்பி வரும், அதாவது குழுவுக்கு 1.6, போட்டவருக்கு 0.4. ஆரம்பத்தில் நல்ல மனதோடு நிறையப் போட்டவர்கள், போடாதவரைப் பார்த்துப் பார்த்துச் சுற்றுக்குச் சுற்று குறைத்துக்கொண்டே போனார்கள். போடாதவரை நம் காசைச் செலவழித்துத் தண்டிக்கலாம் என்று விதியை மாற்றியதும் பங்களிப்பு ஏறியது. ஆனால் தண்டனையைத் தனி ஆள் கையில் விடக்கூடாது. 2008ல் 16 நகரங்களில் இதே ஆட்டத்தை ஆடவிட்டபோது, சில ஊர்களில் அதிகம் போட்ட நல்லவர்களையே மற்றவர்கள் தண்டித்தார்கள். ஆகவே தண்டனை முன்கூட்டியே எழுதப்பட்டு, சபையில் விதிக்கப்பட்டு, முதல் தடவை ரொம்ப லேசாகவும் அடுத்தடுத்து கூடுவதாகவும் இருக்க வேண்டும். பழைய ஏரிப் பாசனத்தில் மடையைத் திறப்பதும் மூடுவதும் நீர்க்கட்டியின் வேலை, நிலத்துக்காரர் தானே போய்த் திறக்கக்கூடாது என்று வைத்திருந்ததும் இதே காரணத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நம் விவசாயிகள் ஒன்று சேரமாட்டார்கள் என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின் கட்டணத்தை எதிர்த்து கோயம்புத்தூர் வீதிகளை மாட்டு வண்டிகளால் நிறைத்தவர்கள் இதே கொங்கு விவசாயிகள்தான். அங்கே சேர முடிந்து நீரில் சேர முடியாமல் போனதற்குக் காரணம் தெளிவு: வண்டியைக் கொண்டுவந்தவர் யார், வராதவர் யார் என்பது வீதியிலேயே தெரியும். பூமிக்கு அடியில் எண்ணூறு அடியில் ஓடும் சப்மெர்சிபிள் யாருக்கும் தெரியாது. அதனால் ஒப்பந்தத்தில் மோட்டார் ஓடும் மணி நேரத்தை எழுதாதீர்கள், பயிரை எழுதுங்கள். எத்தனை ஏக்கர் வாழை என்று ரோட்டில் போகிறவருக்கும் தெரியும், மறைக்க முடியாது.

பயிர் என்றதும் தென்னையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோளம், கடலை போட்டவர் மழை இல்லாத வருஷம் ஒரு போகத்தை விட்டுவிட்டு அடுத்த வருஷம் ஒத்துழைப்புக்கு வரலாம். பதினைந்து வருஷத் தென்னை வைத்திருப்பவர் எப்படி விடுவார்? ஒரு கோடை தண்ணீர் இல்லையென்றால் குரும்பை கொட்டி, மட்டை தொங்கி, மரமே போய்விடும். நல்லவராக இருந்தாலும் அந்த வருஷம் அவர் மீறித்தான் ஆவார். ஆகவே பழைய மரங்களுக்குச் சொட்டு நீர் அளவுக்கு உயிர்த் தண்ணீரை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் மற்றவர்கள் பங்கு போட வேண்டும். புதுக் கன்று வைக்கக்கூடாது என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஒத்துழைப்பே உசத்தி என்று சொல்லவும் நான் வரவில்லை. ஏலத்தில் வியாபாரிகள் முன்கூட்டியே விலை பேசிவைத்துக்கொண்டால் அதுவும் ஒத்துழைப்புதான், நஷ்டம் விவசாயிக்கு. அங்கே போட்டி இருந்தால்தான் நமக்கு நல்லது. அதே மாதிரி ஒதுக்கிய நீரில் யார் அதிக விளைச்சல் எடுக்கிறார், எந்த ரகம், எந்த இடைவெளி என்பதில் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி இருக்கட்டும், அதனால் யாருடைய கிணறும் வற்றப்போவதில்லை.

கடைசியாக, ஏற்கனவே ஆயிரம் அடி போட்டுக் கடனில் இருக்கும் அந்த ஒருவர். அவரைச் சேர்க்காமல் போட்ட ஒப்பந்தம் ஓட்டைப் பானை, அவரைக் குற்றவாளியாக்கினால் சேரவும் மாட்டார். ஆந்திராவின் அனந்தபுரம் மாவட்டத்தில் சில ஊர்கள் செய்தது இங்கே கைகொடுக்கும்: போர் இருப்பவர் இல்லாதவருக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் பகிர்வது, பதிலுக்கு இல்லாதவர் இனிப் புது போர் போடுவதில்லை என்று ஒப்புக்கொள்வது. அடுத்தவர் புதுசாகப் போட்டுத் தன் போரை வற்றவைத்துவிடுவார் என்பதுதான் ஆழமாகப் போட்டவரின் பெரிய பயம், அந்தப் பயம் போனால் பகிர்வதற்கு அவருக்கே கணக்கு ஒத்துவரும். நீர் வாங்குகிறவர்கள் போருக்குச் செலவழித்திருக்க வேண்டிய தொகையில் ஒரு சிறு பங்கை அவருடைய வட்டிக்குக் கொடுத்தால் அவர் ராத்திரி பகலாக ஓட்ட வேண்டிய கட்டாயமும் குறையும். இதையெல்லாம் கோடையில் போர் வண்டி வந்து நின்ற பிறகு பேசினால் சண்டைதான் வரும், ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து மட்டம் தெரிந்த பிறகு, கோடைப் பயிரை முடிவு செய்வதற்கு முன்னால், தை மாதத்தில் உட்காருங்கள். முதல் தடவைக்கு ஒரே ஒரு கோடைக்கு எழுதினால் போதும், 80 சதவீத ஷரத்தை மறக்காமல் சேர்த்து.